நாற்றும் பட்டமும்

தடுப்பூசி அட்டையில் இரண்டு விதமான தேதிகள் இருக்கும். பேனாவில் எழுதியது போட்டு முடித்த ஊசி. பென்சிலில் எழுதியது இனிப் போடவேண்டியது. என் தங்கை மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில், ‘ஃப்ளூ 1’ என்ற வரியில் ஜூலை 9 என்று பேனாவில் இருந்தது. அதற்குக் கீழே ‘ஃப்ளூ 2’, ஆகஸ்ட் 6 என்று பென்சிலில். அவள் படம் அனுப்பிய நாள் அக்டோபர் 21.

“பெரியம்மா, ரெண்டாவது ஊசியை விட்டுட்டோம். இனி முதல்லேருந்து ஆரம்பிக்கணுமா?”

விட்டதற்கான காரணங்கள் எல்லா வீட்டிலும் இருப்பவைதான். ஆகஸ்ட் 6 ஆடியில் விழுந்தது. ‘ஆடி போகட்டும், குழந்தையை ஊசி குத்தி அழவைக்க வேண்டாம்’ என்றுவிட்டார் அவள் மாமியார். ஆவணி பிறந்ததும் பையனுக்கு மூக்கொழுகல். அது நின்றபோது இவளுக்கு அலுவலகத்தில் ஆடிட். அப்புறம் ஆயுத பூஜை. அதற்குள் பென்சில் எழுத்து பாதி அழிந்திருந்தது.

மறுநாள் ஒன்றரை வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் போனோம்: அவள், அவள் மாமியார், நான். எங்களுக்கு முன்னால் உள்ளே போனவர் மூன்று வயதுப் பெண்ணோடு வந்திருந்தார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

“அடுத்த வாரம் துபாய் போறோம் டாக்டர். ரெண்டாவது டோஸையும் இன்னிக்கே போட்டுடுங்க.”

“முதல் ஊசி போட்டுப் பதினோரு நாள்தான் ஆகுது சார். இன்னிக்குப் போட்டா அது கணக்குல சேராது. அங்க போய்ப் போட்டுக்கோங்க. அட்டையை மறக்காம எடுத்துட்டுப் போங்க.”

அடுத்து எங்கள் முறை. டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “பதினஞ்சு வாரமா? பரவாயில்லைம்மா, இன்னிக்குப் போட்டுடலாம். முதல்லேருந்தெல்லாம் வேண்டாம்.”

பதினேழு நாள் முந்தி வந்தவருக்கு இடமில்லை. பதினொரு வாரம் பிந்தி வந்த எங்களுக்கு ஒரு திட்டுகூட இல்லை. பள்ளிக்கூடம், ரயில், வங்கி என்று நாம் பழகிய எல்லா இடத்திலும் நடப்பதற்கு இது நேர்மாறு. ஃப்ளூ தடுப்பூசியின் இடைவெளிக் கணக்கைப் புரிந்துகொள்ள இந்த ஓரவஞ்சனையிலிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

*

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் நிறைந்ததிலிருந்து ஒன்பதாவது பிறந்தநாள் வரும்வரை, ஒரு குழந்தை வாழ்க்கையில் முதன்முறையாக ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறது என்றால், இரண்டு டோஸ். நடுவில் குறைந்தது நான்கு வாரம். அதன்பிறகு வருடத்துக்கு ஒன்று. ஒன்பது வயதுக்கு மேல் முதன்முறை என்றாலும் ஒன்றே போதும். இந்தியக் குழந்தை மருத்துவர் அகாடமியின் அட்டவணையும் அமெரிக்க நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழுவின் அறிவுரையும் இந்த இடத்தில் ஒன்றுபோலவே பேசுகின்றன. நம் அகாடமி முதல் டோஸை ஆறாம் மாதத்திலும் இரண்டாவதை ஏழாம் மாதத்திலும் வைக்கச் சொல்கிறது. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் ஃப்ளூ ஊசி இல்லாததால், நம் ஊரில் இந்தப் பென்சில் தேதியை நினைவூட்ட கிராம செவிலியர் யாரும் வீடு தேடி வரமாட்டார். அட்டைதான் ஒரே சாட்சி.

‘குறைந்தது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கீழ் எல்லை உண்டு, மேல் எல்லை இல்லை.

ஒன்றரை வயதுக் குழந்தையின் தொடையில் ஊசி இறங்குகிறது. அரை மில்லி திரவத்தில் செத்த வைரஸின் துண்டுகள், முக்கியமாக அதன் மேற்பரப்பில் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதம். தசையில் ரோந்து சுற்றும் செல்கள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு தொடை இடுக்கில் இருக்கும் நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. காலில் புண் வந்தால் ‘நெறி கட்டியிருக்கு’ என்கிறோமே, அந்த நெறிதான் இந்தக் கணு. அங்கே கோடிக்கணக்கான பி செல்கள் காத்திருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்துக்குத் தயாராக. இந்த வைரஸ் முள்ளோடு ஓரளவாவது பொருந்தும் செல்கள் அவற்றில் மிகச் சொற்பம். பொருந்தியவை பெருகத் தொடங்குகின்றன.

முதல் சில நாட்களில் வருவது அவசர ஆன்டிபாடி, அள்ளித் தெளித்த கோலம் மாதிரி. உண்மையான வேலை ஒரு வாரம் கழித்துத்தான் தொடங்குகிறது. கணுவுக்குள் ‘முளை மையம்’ என்று உடற்கூறியலாளர்கள் அழைக்கும் ஒரு சிறு வட்டாரம் உருவாகிறது. அங்கே பி செல்கள் பிரியும்போது தங்கள் ஆன்டிபாடி மரபணுவில் வேண்டுமென்றே எழுத்துப்பிழை விட்டுக்கொள்கின்றன. பிழையால் பிடிமானம் கெட்டுப்போன செல் சாகிறது. பிழையால் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கக் கற்ற செல் பிழைத்து மறுபடி பிரிகிறது. மறுபடி பிழை, மறுபடி தேர்வு. இப்படி வாரக்கணக்கில் சுற்றிச் சுற்றித் தேறியவற்றில் ஒரு பகுதி ஆன்டிபாடி சுரக்கும் செல்களாகின்றன. இன்னொரு பகுதி எதுவும் செய்யாமல் ஓய்வுக்குப் போகிறது. அவைதான் நினைவுச் செல்கள்.

இரண்டாவது டோஸ் வருவது இந்த நினைவுச் செல்களுக்காக. பதினோராம் நாளில் அதே புரதத்தைக் கொண்டுவந்து கொட்டினால் என்ன ஆகும்? நினைவுச் செல்கள் இன்னும் திரண்டிருக்காது. திரண்டவையும் பிரிந்து களைத்த நிலையில் இருக்கும். அப்போதுதான் சுரந்த ஆன்டிபாடிகள் புதிதாக வந்த புரதத்தை வழியிலேயே மடக்கித் துடைத்துவிடும். ஊசி வீண் என்பதில்லை. ஆனால் அது முதல் டோஸின் வால்போலத்தான் நடந்துகொள்ளும், இரண்டாவது டோஸாக அல்ல. நான்கு வாரம் பொறுத்தால், ஓய்வில் இருக்கும் நினைவுச் செல்கள் ஒரே உசுப்பில் எழுந்து, முதல் முறை வாரக்கணக்கில் செய்ததைச் சில நாட்களில் செய்து முடிக்கின்றன.

டாக்டர் இதை என் அளவுக்கு நீட்டாமல் மூன்று வாக்கியத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாமல் இருந்த சம்பந்தியம்மா குறுக்கிட்டார். பாபநாசம் பக்கத்துக்காரர்.

“நாத்து மாதிரின்னு சொல்லுங்க. குறுவைக்கு இருபத்தஞ்சு நாள் ஆகணும். பத்து நாள்ல புடுங்கி நட்டா வேரு புடிக்காது.”

டாக்டர் சிரித்துவிட்டார். நான் குறித்துக்கொண்டேன். முளை மையம் என்று பெயர் வைத்தவர் நாற்றங்காலைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் பெயர் சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

நாற்று நடுவதில் நாள் கணக்கு ஒன்றாகவே இருப்பதில்லை. ஒற்றை நாற்று நடவு செய்கிறவர்கள் பதினான்கு நாள் நாற்றையே நடுகிறார்கள். ஊசியிலும் அப்படித்தான். ஜப்பானில் இரண்டிலிருந்து நான்கு வார இடைவெளியில் போடுகிறார்கள், அதுவும் பதின்மூன்று வயது ஆகும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டு டோஸ். 2009 பன்றிக்காய்ச்சல் தடுப்பூசிக்கு அமெரிக்கா நான்கு வாரம் என்று சொல்லிவிட்டு, 21 நாள் ஆகியிருந்தாலும் ஏற்றுக்கொண்டது. சாதாரணக் கணக்கிலேயே அங்கே நான்கு நாள் சலுகை உண்டு: 28 நாளுக்குப் பதில் 24ஆம் நாளில் போட்டுவிட்டால் அந்த டோஸ் செல்லும். இருபத்தெட்டு என்பது உடம்பில் எங்கோ அடிக்கும் மணி அல்ல. சோதித்துப் பார்த்த இடைவெளிகளில் நம்பகமானது, மாதக் கணக்கில் நினைவு வைத்துக்கொள்ளச் சுலபமானது.

மேல் எல்லை இல்லாததற்கும் காரணம் இதே நினைவுச் செல்கள்தான். அவை வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். பதினைந்து வாரம் அவற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல. இங்கேதான் சம்பந்தியம்மாவின் உவமை உதறிக்கொண்டது. அவரே கேட்டார்: “வயசான நாத்தை நட்டா தூர் கட்டாதே?” உண்மைதான், நெல் நாற்றுக்கு முற்றிப்போகும் ஆபத்து உண்டு. நினைவுச் செல்லுக்கு அது இல்லை. தாமதத்தால் கெடுவது நாற்று அல்ல, பட்டம். அதற்கு வருகிறேன்.

*

அதற்கு முன் ஒரு கேள்வி. எனக்கு ஒரு டோஸ் போதும் என்கிறபோது அந்தப் பையனுக்கு மட்டும் ஏன் இரண்டு? உடம்பு சிறியது என்பதால் அல்ல. சொல்லப்போனால் சிறிய உடம்பு என்று நினைத்து நெடுங்காலம் மூன்று வயதுக்குட்பட்டோருக்குக் கால் மில்லி, அதாவது பாதி அளவுதான் கொடுத்தார்கள். அந்தக் காலத்து முழு வைரஸ் ஊசி குழந்தைகளுக்குக் காய்ச்சலைக் கிளப்பியதால் வந்த பயம் அது. வைரஸைத் துண்டாக்கிச் சுத்தம் செய்த இன்றைய ஊசிகளில் அந்தத் தொல்லை குறைந்துவிட்டது. அரை மில்லியே குழந்தைக்கும் கொடுக்கும் ஊசிகள் வந்துவிட்டன.

விடை 1976இல் கிடைத்தது, யாரும் அதைத் தேடாத நேரத்தில். அந்த ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் ஒரு சிப்பாய் இறந்தார். அவரிடம் இருந்தது பன்றிகளிடம் காணப்படும் எச்1என்1 வகை வைரஸ். 1918இன் பெருங்கொள்ளை திரும்புகிறது என்று பயந்து, அரசு அவசரமாக ஊசி தயாரித்து நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டது. கொள்ளைநோய் வரவில்லை. திட்டம் பக்கவிளைவுச் சர்ச்சையில் சிக்கி ஆண்டு முடிவதற்குள் நின்றது. பொதுச் சுகாதார வரலாற்றில் அது ஒரு அவமானக் கதையாகவே சொல்லப்படுகிறது.

ஆனால் ஊசியைப் பரவலாகக் கொடுப்பதற்கு முன் நடந்த சோதனைகளில் ஒரு விசித்திரம் தென்பட்டது. இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு டோஸிலேயே ஆன்டிபாடி நன்றாக எகிறியது. அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒரு டோஸ் போதவில்லை, இரண்டு தேவைப்பட்டது. இருபது வயது இளைஞனின் உடம்பு முப்பது வயதுக்காரரின் உடம்பைவிடப் பலவீனமா? இல்லை. எச்1என்1 குடும்பம் 1918 முதல் 1957 வரை மனிதர்களிடையே சுற்றியது. 1957இல் வேறொரு வகை வந்து அதை விரட்டிவிட்டது. 1976இல் முப்பது வயதானவர் சிறுவயதில் அந்தக் குடும்பத்தின் வைரஸால் காய்ச்சலில் படுத்திருப்பார். இருபது வயதானவருக்கு அந்த அனுபவம் இருந்திருக்க வாய்ப்பே குறைவு. அதாவது, பெரியவர்கள் முதல் டோஸை எப்போதோ வாங்கிவிட்டார்கள். போட்டது மருத்துவர் அல்ல, வைரஸ்.

2009இல் புதிய எச்1என்1 வந்தபோது இதே பாடம் இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் செப்டம்பரில் வெளியிட்ட முதல்கட்ட முடிவில், ஒரு டோஸ் போட்டு எட்டுப் பத்து நாளில் வலுவான எதிர்ப்பு காட்டியவர்கள் 10 முதல் 17 வயதுக்குள் 76 சதவீதம், 3 முதல் 9 வயதுக்குள் 36 சதவீதம், மூன்று வயதுக்கும் கீழே 25 சதவீதம். ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் இருபது இருபத்தைந்து குழந்தைகள்தான், சின்னச் சோதனை. ஆனாலும் படிக்கட்டு தெளிவாகத் தெரிகிறது. வயது ஏற ஏற, வெவ்வேறு ஃப்ளூ வைரஸ்களோடு உரசிய வருடங்களும் ஏறுகின்றன.

ஆக, ‘ஒன்பது வயது’ என்பது ஓர் அனுமானம். அதற்குள் எப்படியும் ஃப்ளூ ஒருமுறையாவது வந்து போயிருக்கும் என்ற அனுமானம். நெதர்லாந்தில் சிறு குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஏழு வயதை எட்டுவதற்குள் அநேகமாக எல்லோரிடமும் ஏதாவது ஒரு ஏ வகை ஃப்ளூவின் தடம் இருந்தது. ஏழிலேயே கோடு போட்டிருக்கலாம்தான். இரண்டு வருடம் தள்ளிப் பாதுகாப்பாகப் போட்டிருக்கிறார்கள். ஜப்பான்காரர்கள் இன்னும் தள்ளிப் போட்டார்கள். இங்கிலாந்தில் மூக்கில் தெளிக்கும் உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ் மருந்தை ஆரோக்கியமான குழந்தைகளுக்கு ஒரே முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உடல்நலக் குறைபாடுள்ள ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் முதன்முறை இரண்டு. ஒரே உயிரியல், மூன்று நாடு, மூன்று கணக்கு. எத்தனை குழந்தைகளை இரண்டு முறை அழைத்துவர முடியும் என்ற நிர்வாகக் கேள்வியும் மருத்துவ அட்டவணைக்குள் ஒளிந்திருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்.

ஆறு மாதத்துக்குக் கீழே ஏன் இல்லை என்றும் கேட்பார்கள். அந்த வயதில் குழந்தையின் எதிர்ப்பு பலவீனம், போதாததற்கு அம்மாவிடமிருந்து வந்த ஆன்டிபாடி ஊசியின் புரதத்தை மடக்கிவிடும். அந்த ஆறு மாதத்துக்கான ஊசி கர்ப்ப காலத்தில் அம்மாவுக்குப் போடப்படுவது. குழந்தைக்கு அது கடனாக வந்து சேரும்.

*

இனி பட்டம்.

2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் அடுத்த குளிர்காலத்துக்கான வைரஸ்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது, ஆசியாவில் ‘ஃபூஜியன்’ என்ற புதிய எச்3என்2 தலைதூக்கியிருந்தது. ஊசி தயாரிப்பது கோழி முட்டையில். அதற்கு ஆறு மாதம் வேண்டும். முட்டையில் வளர்வதற்கு ஏற்ற ஃபூஜியன் மாதிரி நேரத்துக்குக் கிடைக்கவில்லை. பழைய ‘பனாமா’ வைரஸையே வைத்து ஊசி தயாரானது. வந்ததோ ஃபூஜியன். அதுவும் சீக்கிரமாக, கொலராடோவில் நவம்பரிலேயே. அந்தப் பருவத்தில் அமெரிக்காவில் 153 குழந்தைகள் ஃப்ளூவால் இறந்ததாகப் பதிவானது. அதன்பிறகுதான் குழந்தைகளின் ஃப்ளூ மரணத்தைக் கட்டாயம் அறிவிக்கவேண்டும் என்ற ஏற்பாடே அங்கே வந்தது.

கொலராடோக் குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளைப் பிறகு அலசியபோது தெரிந்தது: பொருந்தாத ஊசிதான் என்றாலும், முதன்முறை போட்டுக்கொண்ட சிறு குழந்தைகளில் இரண்டு டோஸும் முடித்தவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. ஒரு டோஸோடு நின்றவர்களுக்கும் ஊசியே போடாதவர்களுக்கும் வித்தியாசம் காண முடியவில்லை. பாதி ஊசிக்குப் பாதிப் பலன் என்று நாம் மனத்துக்குள் போடும் கணக்கு இங்கே செல்லுபடியாகவில்லை. நவம்பரில் வைரஸ் வந்துவிட்டது என்றால், அக்டோபர் கடைசியில் முதல் டோஸ் போட்ட குழந்தைக்கு நான்கு வாரம் காத்திருக்கவே நேரமில்லை. ஊசிக்காரரும் வைரஸும் ஒரே தெருவில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இதைத் தவிர்க்க ஒரு கெட்டிக்கார யோசனை சோதிக்கப்பட்டது. முதல் டோஸை ஏன் இலையுதிர்காலம் வரை ஒத்திப்போட வேண்டும்? வசந்தத்திலேயே, பழைய பருவத்தின் ஊசியில் மிச்சமிருப்பதைக் கொண்டு முதல் டோஸைப் போட்டுவிட்டால், இலையுதிர்காலத்தில் புதிய ஊசி ஒன்றோடு வேலை முடியுமே. 2004இல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். இடைவெளி நான்கு வாரத்துக்குப் பதில் ஆறு மாதம்.

இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் மாறியவை இவை: எச்1என்1 மாறவில்லை. எச்3என்2 பனாமாவிலிருந்து ஃபூஜியனுக்கு நகர்ந்தது. பி வகையோ ‘விக்டோரியா’ வம்சத்திலிருந்து ‘யமகத்தா’ வம்சத்துக்கு முழுசாகத் தாவிவிட்டது. முடிவு அப்படியே இந்த மூன்றையும் பின்தொடர்ந்தது. ஏ வகை இரண்டுக்கும் வசந்த டோஸ் நல்ல அடித்தளமாக இருந்தது, ஃபூஜியனுக்கு உட்பட. பி வகைக்குப் பலன் மோசம். ஆறு மாதம் கழித்தும் நினைவுச் செல்கள் விழிப்பாகத்தான் இருந்தன, ஆனால் அவை நினைவில் வைத்திருந்த முகம் வேறு.

இந்த ஒரு சோதனையை எத்தனை முறை திரும்பப் படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இடைவெளி எவ்வளவு என்ற கேள்வியைக் கேட்டார்கள். கிடைத்த பதில் வேறொரு கேள்விக்கு: நடுவில் வைரஸ் எவ்வளவு நகர்ந்தது? உடம்பு ‘எப்போது வேண்டுமானாலும் வா’ என்கிறது. வைரஸ்தான் ‘நீ வருவதற்குள் நான் சட்டையை மாற்றிவிடுவேன்’ என்கிறது. (அந்த யமகத்தா வம்சம் 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே தென்படவில்லை. கொரோனா முடக்கத்தில் பரவ வழியின்றி அற்றுப்போயிருக்கலாம் என்கிறார்கள். பி வகையில் இந்தத் தாவல் தொல்லை அதனால் இப்போதைக்கு இல்லை.)

அட்டவணைக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த சமரசம் எளிமையானது. ஜூலை 1க்கு முன் வாழ்நாளில் மொத்தம் இரண்டு டோஸாவது போட்டிருந்தால், அடுத்த பருவத்துக்கு ஒன்று போதும் என்கிறது அமெரிக்க விதி. அந்த இரண்டும் ஒரே வருடத்தில் இருக்கவேண்டியதில்லை, அடுத்தடுத்த வருடங்களிலும் இருக்கவேண்டியதில்லை. போன வருடம் ஒன்றே ஒன்று போட்டு விட்டுவிட்ட நான்கு வயதுக் குழந்தை இந்த வருடம் இரண்டு போட்டுக்கொள்ள வேண்டும். எட்டு வயதில் முதல் டோஸ் போட்டு, இரண்டாவதற்கு முன் கேக் வெட்டி ஒன்பதாகிவிட்டால்? இரண்டாவது உண்டு. பிறந்தநாள் கொண்டாடியதால் நினைவுச் செல் வளர்ந்துவிடாது.

*

வைரஸின் பட்டம் எது என்பதில் நம் நாடு அட்டவணைக்காரர்களுக்குப் பெரிய தலைவலி. உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை வைரஸ்களைத் தேர்ந்தெடுக்கிறது: பிப்ரவரியில் வடகோளத்துக் குளிர்காலத்துக்கு, செப்டம்பரில் தென்கோளத்துக் குளிர்காலத்துக்கு. வரைபடப்படி நாம் வடகோளம். ஆனால் ஸ்ரீநகரைப் போன்ற இடங்களை விட்டுவிட்டால் இங்கே ஃப்ளூ குளிருக்காகக் காத்திருப்பதில்லை, மழைக்குத்தான் வருகிறது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச். டெல்லியிலும் புனேயிலும் தென்மேற்குப் பருவமழையோடு ஜூலை முதல் செப்டம்பர். சென்னையிலும் வேலூரிலும் நடந்த கண்காணிப்பில் உச்சம் அக்டோபர், நவம்பரில், அதாவது நம் வடகிழக்குப் பருவமழையில். அதனால்தான் இந்தியாவின் பெரும்பகுதிக்கு, மழைக்கு முன்பு கைக்கு வரும் தென்கோள ஊசியே பொருத்தம் என்கிறார்கள்.

சென்னைக்கு ஒரு விரல் கணக்கு போட்டுப் பாருங்கள். அக்டோபர் முதல் தேதி குழந்தை தயாராக இருக்கவேண்டும். இரண்டாவது டோஸ் முழுப் பலன் தர இரண்டு வாரம்: செப்டம்பர் 17. அதற்கு முன் நான்கு வாரம்: ஆகஸ்ட் 20. அதுவே கடைசி நாள். சளி, காய்ச்சல், ஆடிட், கொலு எல்லாவற்றுக்கும் கொஞ்சம் இடம்விட்டால் முதல் டோஸ் ஆடியில் விழும்.

பெரியவர்களுக்கு இவ்வளவு முன்கூட்டிப் போடச் சொல்வதில்லை. சீக்கிரம் போட்டால் பருவம் முடிவதற்குள் பலன் தேய்ந்துவிடும் என்ற கவலை உண்டு. இரண்டு டோஸ் தேவைப்படும் குழந்தைக்கு அந்தக் கவலையை ஒதுக்கிவைத்துவிட்டு, ஊசி கைக்குக் கிடைத்த உடனே தொடங்கச் சொல்கிறார்கள். ஆறு வாரம் என்பது நீளமான பாதை.

வேறு ஊசிகளோடு மோதுமா என்ற சந்தேகம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. செத்த வைரஸ் ஃப்ளூ ஊசியை அம்மை ஊசியோடோ மற்றவற்றோடோ ஒரே நாளில் போடலாம், ஒன்று இந்தத் தொடையில், ஒன்று அந்தத் தொடையில். நான்கு வாரம் என்பது ஃப்ளூவுக்கும் ஃப்ளூவுக்கும் நடுவில் மட்டுமே. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு மற்ற ஊசியையெல்லாம் தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

*

நர்ஸ் குளிர்பெட்டியிலிருந்து ஊசியை எடுத்துவந்தார். அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருந்ததை நான் எட்டிப் பார்த்தேன். ஜூலையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் தென்கோளத்து ஊசி என்றிருந்தது. இது வடகோளத்து ஊசி. தங்கை மகளின் முகம் மாறியது. “வேற வேற போட்டா பரவாயில்லையா டாக்டர்?”

“பரவாயில்லைம்மா. ரெண்டும் டோஸ்தான், ரெண்டும் கணக்குல வரும்.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பையனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு விநாடி மௌனம், பிறகு அந்த நீளமான மூச்சு, பிறகு அலறல். சம்பந்தியம்மா அவன் கையில் வளையலைக் கழற்றிக் கொடுத்தார். அழுகை பாதியில் நின்று வளையல் வாய்க்குப் போனது.

“இனி ரெண்டு வாரம் கூட்டத்துல கொண்டுபோகாம இருந்தா நல்லது. நவம்பர் 5 வரைக்கும்னு வச்சுக்கோங்க. நாளைக்கு லேசாக் காய்ச்சல் இருந்தா பயப்படாதீங்க” என்றபடி டாக்டர் அட்டையில் ஆகஸ்ட் 6ஐ ரப்பரால் அழித்துவிட்டு, பேனாவில் அக்டோபர் 22 என்று எழுதினார். பிறகு பென்சிலை எடுத்தார்.

“அடுத்த வருஷம் ஒண்ணே ஒண்ணுதான். எந்த மாசம் எழுதட்டும்?”

எல்லோரும் சம்பந்தியம்மாவைப் பார்த்தோம். வளையலைப் பையனிடமிருந்து மெல்ல உருவிக்கொண்டே, யாருடைய முகத்தையும் பார்க்காமல் அவர் சொன்னார்: “ஆடின்னே எழுதுங்க.”